அம்மா விளக்கிய சைகை கொழும்பில் நிற்குமா?

வாசகி எழுதியது (சுருக்கம்):

அக்கா, நான் மலையகத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். என் தங்கச்சிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. விளங்கிக்கொள்வதிலும் கொஞ்சம் மெதுவான பிள்ளை. பள்ளிக்கூடம் போனதில்லை. அவளுக்கு 22 வயதில், அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்த நேரம், எங்கள் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) வந்துபோகும் ஒருவன் அவளைக் கெடுத்துவிட்டான். ஏழு வருடம் வழக்கு நடந்தது. போன மாதம் மேல் நீதிமன்றம் அவனுக்கு 12 வருடம் கடூழியச் சிறையும் நட்டஈடும் விதித்தது. தங்கச்சி கையால் காட்டியதை அம்மாதான் கோர்ட்டில் வாயால் சொன்னார். அம்மா போன வருடம் தவறிவிட்டார். இப்போது அவன் அப்பீல் போட்டிருக்கிறான். "ஊமைப் பிள்ளையின் சாட்சி மேல்கோர்ட்டில் எடுபடாது, தாய் சொன்னது சுத்தமாகச் செல்லாது, ஆள் மூன்று மாதத்தில் வெளியே" என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அவனுடைய ஆட்கள் ஐந்து லட்சம் தருகிறோம், "எங்களுக்கு மனவருத்தம் இல்லை" என்று ஒரு கடிதத்தில் கையொப்பம் வையுங்கள் என்கிறார்கள். தங்கச்சி மறுபடி கூண்டில் ஏற வேண்டுமா? அம்மா இல்லாமல் அவளுக்காக யார் பேசுவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் என்னை அக்கா என்று அழைத்திருக்கிறீர்கள். நானும் உங்களைத் தங்கச்சி என்றால் இந்தப் பதிலில் இரண்டு தங்கச்சி வந்து குழம்பிவிடும். அதனால் சகோதரி என்றே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் இருந்த தோட்டத்தின் பெயர், டிவிஷன், அவனுடைய பெயர், எந்த ஊர் மேல் நீதிமன்றம் என்பது எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நம் பக்கத்தில் டிவிஷன் பெயரைச் சொன்னாலே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். இப்படியான குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365சி பிரிவின்படி குற்றம், இரண்டு வருடம் வரை சிறை கிடைக்கலாம். உங்கள் சொந்தக்காரப் பையன் யாராவது "எங்கள் அக்காவுக்கு நீதி" என்று முகநூலில் படத்தோடு போடக் கிளம்பினால் அவனையும் நிறுத்துங்கள்.

முதலில் உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். அப்பீலுக்காகத் தங்கச்சி கூண்டில் ஏற வேண்டியதில்லை. கொழும்பு புதுக்கடையில் இருக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அவள் வரவே தேவையில்லை. அங்கே வழக்கு மறுபடி முதலிலிருந்து நடக்காது. கீழே நடந்ததெல்லாம் தட்டச்சுப் பிரதிகளாக அங்கே போகும். இரண்டு நீதியரசர்கள் அதைப் படிப்பார்கள். அவனுடைய சட்டத்தரணி தீர்ப்பில் எங்கே பிழை என்று வாதாடுவார். சட்டமா அதிபர் திணைக்களத்து அரச சட்டவாதி தீர்ப்பைத் தாங்கிப் பேசுவார். புதுச் சாட்சியம் எடுக்க அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் அது அபூர்வம். ஆகவே கடைசியில் கணக்கு ஒன்றுதான்: உங்கள் தங்கச்சி கையால் சொன்னது காகிதத்தில் எப்படி ஏறியிருக்கிறது?

அவன் வெளியே வருவானா என்று கேட்டிருந்தீர்கள். தீர்ப்பு வந்து 14 நாட்களுக்குள் மேன்முறையீடு போட வேண்டும். சிறையில் இருப்பவர் அந்த நாட்களுக்குள் சிறை அதிகாரியிடம் சொன்னாலே போதும். அதனால் "அப்பீல் போட்டுவிட்டான்" என்பதில் பெரிய செய்தி ஒன்றும் இல்லை, தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலானோர் போடுவார்கள். அப்பீல் போட்டதும் கதவு திறக்காது. தனியாகப் பிணை கேட்க வேண்டும், அந்த மனு முதலில் தண்டனை விதித்த மேல் நீதிமன்றத்திலேயே வரும். மேன்முறையீடு நிலுவையில் இருக்கும்போது பிணைக்கு விதிவிலக்கான காரணம் காட்ட வேண்டும் என்பது நம் நாட்டில் நிலைத்த சட்டம். 2004இல், நாட்டின் கடைசி நீதிமன்றமான உயர் நீதிமன்றமும் அதைச் சொல்லியிருக்கிறது. வீட்டில் உழைப்பவர் இவர் ஒருவர்தான், பிள்ளைகள் சின்னது என்பதெல்லாம் சாதாரணக் காரணங்கள். ஆகவே லயத்தில் பேசும் மூன்று மாதக் கணக்கை விட்டுவிடுங்கள். தட்டச்சுப் பிரதிகள் தயாராகவே மாதக்கணக்கில் போகும். நட்டஈடும் அதுவரை கைக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், அப்பீல் முடியும்வரை தண்டனையின் அந்தப் பகுதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்.

இனி ஊமைப் பிள்ளையின் சாட்சி செல்லாது என்ற பேச்சு. சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், அதன் 119ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது: பேச முடியாத சாட்சி, எழுத்தாலோ சைகையாலோ, விளங்கக்கூடிய எந்த வழியிலும் சாட்சியம் சொல்லலாம். திறந்த நீதிமன்றத்தில் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் சொன்னது வாய்மொழிச் சாட்சியமாகவே கணக்காகும். அதற்கு முந்திய 118ஆம் பிரிவு, கேள்வியை விளங்கிக்கொண்டு பொருத்தமான பதில் தர முடிந்தால் யாரும் சாட்சியாகலாம் என்கிறது. விளங்குவதில் மெதுவு என்பது சாட்சியைத் தள்ளிவிடக் காரணம் ஆகாது. ஒரே சாட்சி என்பதும் குறையல்ல, இத்தனை பேர் வேண்டும் என்று 134ஆம் பிரிவு கேட்பதில்லை. உடம்பில் காயம் இல்லையே என்றால், காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளம் அவசியமில்லை என்று 1995இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது.

அப்படியானால் அவனுடைய சட்டத்தரணி எதைப் பிடித்து வாதாடுவார்? சாட்சி சொல்லலாமா என்பதை அல்ல, சாட்சியம் பதிவான விதத்தை. உங்களை விட எனக்கு இதில்தான் கவலை.

தங்கச்சி கையால் ஒன்றைக் காட்டுகிறாள். அம்மா அதைத் தமிழில் சொல்கிறார். நம் பக்கத்து நீதிமன்றங்களில் வழக்கேடு பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும், ஆகவே மொழிபெயர்ப்பாளர் முதலியார் அம்மாவின் தமிழைச் சிங்களமாக்குகிறார். கொழும்பில் தீர்ப்பு எழுதும்போது அது ஆங்கிலமாகிறது. கையிலிருந்து ஆங்கிலம் வரைக்கும் மூன்று தாவல். ஏழு வருடத்தில் நீதிபதிகளும் மாறியிருப்பார்கள். தங்கச்சியின் கையைக் கண்ணால் கண்ட நீதிபதிதான் தீர்ப்பையும் எழுதினாரா என்பது கேள்வி. இல்லையென்றால் அவருக்கும் காகிதம்தான் சாட்சி.

நான் பாதிக்கப்பட்ட தரப்புக்காக நின்ற ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஆட்களையும் ஊரையும் விட்டுவிட்டு. அந்தப் பிள்ளைக்கும் பேச்சு இல்லை. யார் என்று கேட்டபோது தன் இடது முழங்காலை உள்ளங்கையால் இரண்டு தடவை தட்டினாள். தாய் உடனே ஆளின் பெயரைச் சொன்னார். முதலியாரும் பெயரையே சொன்னார், எழுதுபவரும் பெயரையே எழுதப் போனார். அரச சட்டவாதி எழுந்து, "சாட்சி பெயர் சொல்லவில்லை, முழங்காலைத் தட்டினார். அப்படியே பதியுங்கள்" என்று கேட்டார். நீதிபதி ஒத்துக்கொண்டார். அப்புறம் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் முன்பு ஆயாவாக இருந்த ஒரு அம்மாவைச் சாட்சியாகப் போட்டார்கள். அவர் எந்தக் குடும்பத்துக்கும் சொந்தமில்லாதவர். அந்தப் பிள்ளை லயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்திருக்கிறது என்றார் அவர். கடைக்காரருக்கு மூக்குக்கண்ணாடி, தனக்குத் தொட்டில் ஆட்டுவது, அந்த ஆளுக்கு முழங்கால், ஏனென்றால் அவர் மரத்திலிருந்து விழுந்து பல மாதம் முழங்காலில் கட்டோடு நடந்தார். மேலே போனபோது "தாய் தன் பகையைப் பிள்ளையின் கையில் ஏற்றிவிட்டார்" என்ற வாதம் வந்தது. பதிவில் முழங்காலும் இருந்தது, ஆயாவும் இருந்தார். அந்த வாதம் அதற்கு மேல் நகரவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2012இல் இந்திய உச்ச நீதிமன்றம், ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு கொலை வழக்கில், காது கேளாத, பேசாத பெண்ணின் சாட்சியத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. அப்படிப்பட்டவர் தகுதியான சாட்சிதான் என்று ஒத்துக்கொண்டது. எழுதத் தெரிந்தவர் என்றால் எழுதச் சொல்வது நல்லது, சைகை என்றால் விளக்கத்தை மட்டும் எழுதாமல் சைகையையும் பதிய வேண்டும் என்றது. அந்த வழக்கில் சைகையை விளக்கியவர் அந்தப் பெண்ணின் தந்தை. சத்தியப்பிரமாணமும் ஒழுங்காக நடக்கவில்லை. எதிரிக்கு அதற்கு முன் கிடைத்திருந்த விடுதலை அப்படியே நின்றுவிட்டது. இந்தியத் தீர்ப்பு நம் நீதிமன்றத்தைக் கட்டாது, ஆனாலும் இரண்டு நாட்டுச் சாட்சியச் சட்டமும் ஒரே அச்சில் வார்த்தவை, அதனால் வாதத்தில் கட்டாயம் எடுப்பார்கள்.

ஆகவே உங்களுக்கு முதல் வேலை, வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதி. நீதிமன்றப் பதிவகத்தில் விண்ணப்பித்து எடுங்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒரு சட்டத்தரணியோடு உட்கார்ந்து மூன்று இடத்தைப் பாருங்கள். அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சத்தியப்பிரமாணம் செய்வித்தார்களா. சைகைகள் சைகைகளாக எங்காவது எழுதப்பட்டிருக்கின்றனவா, அல்லது "சாட்சி ஆம் என்கிறார்" என்று மட்டும் இருக்கிறதா. அம்மாவைத் தவிர வேறு யாராவது தங்கச்சியின் கைப்பேச்சு தனக்கும் விளங்கும் என்று சொல்லியிருக்கிறார்களா. சொந்தக்காரர் விளக்கக்கூடாது என்று 119ஆம் பிரிவு சொல்லவில்லை. தோட்டத்தில் பிறந்து பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கு வீட்டுக்குள் பிறந்த சைகைதான் மொழி, அதை விளக்க வீட்டார்தான் இருப்பார்கள் என்பதை நீதிமன்றமும் விளங்கிக்கொள்ளும். ஆனால் அதைச் சரிபார்க்க இன்னொரு கண் இருந்ததா என்று பார்ப்பார்கள்.

நாலாவதாக ஒன்றும் பாருங்கள். நம்மவர் வாயில் அந்தச் சொல் வராது. நீங்களும் எனக்கு "கெடுத்துவிட்டான்" என்றுதான் எழுதினீர்கள். அம்மாவும் கூண்டில் "புள்ளய நாசம் பண்ணிட்டான்" என்று சொல்லியிருக்கலாம். நமக்கு அது விளங்கும். சிங்களத்தில் அது "கரைச்சல் கொடுத்தான்" என்பது போல ஏறினால், கொழும்பில் ஒரு கெட்டிக்காரச் சட்டத்தரணி, "தொந்தரவு நடந்திருக்கலாம் கனம் நீதியரசர்களே, பாலியல் வல்லுறவு நடந்ததற்கு எங்கே சாட்சியம்?" என்று கேட்பார். வல்லுறவுக்கு உட்புகுத்தல் நிரூபிக்கப்பட வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும், தங்கச்சி கையால் என்ன காட்டினாள் என்ற பதிவும் அந்த இடத்தில்தான் கைகொடுக்கும். நாணத்துக்காக நாம் மூடிப் பேசும் சொல் வழக்கில் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, கதவு திறந்துவிடும். கீழே விசாரணை நடக்கும் வழக்குகளில் இருக்கும் தாய்மாருக்கு நான் தலைப்பாடாய் அடித்துக்கொள்வது இதைத்தான்.

அடுத்தது கொஞ்சம் சிக்கலானது, பொறுமையாகப் படியுங்கள். உடல் அல்லது உளக் குறைபாடுள்ள பெண் மீதான வல்லுறவு தண்டனைச் சட்டக்கோவையின் 364ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் வருகிறது, குறைந்தது 10 வருடம், கூடியது 20 வருடம். சாதாரணமாக அது 7 வருடத்தில் தொடங்கும். அதனால் வழக்குத் தொடுநர் தரப்புக்குப் பிள்ளையின் குறையைப் பெரிதாகக் காட்டும் ஆசை வரும். வீட்டாருக்கும் வரும், "ஒண்ணும் தெரியாத புள்ளைங்க ஐயா" என்று. அப்படிச் சொன்ன உடனே எதிரித்தரப்பு, ஒன்றும் தெரியாத பிள்ளை எப்படிச் சாட்சி சொல்லிற்று என்று கேட்கும். இல்லை, அவளுக்கு எல்லாம் விளங்கும் என்றால், விளங்கித்தான் சம்மதித்தாள் என்று திருப்பும். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலைதான்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றத்தில் 2012இல் இப்படி ஒரு வழக்கு விழுந்தது. மூளை வாதத்தால் பேச முடியாத பெண். வழக்குத் தொடுத்தவர்கள் அவளை உடலால் முற்றாக இயலாதவள், தன் மறுப்பைத் தெரிவிக்கவே முடியாதவள் என்ற பெட்டிக்குள் வைத்து வழக்கை நடத்தினார்கள். ஜூரி குற்றவாளி என்றது. மேலே போனபோது, அவளால் கடிக்க முடியும், உதைக்க முடியும், கத்த முடியும், அப்படியென்றால் மறுப்பைத் தெரிவிக்க முடிந்தவள்தானே என்று நாலுக்கு மூன்று என்ற கணக்கில் நீதிபதிகள் தீர்த்தார்கள். ஆள் தப்பினான். அவள் சம்மதித்தாள் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை, போட்ட பெட்டி பிழை என்றுதான் விழுந்தது. அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ஆனால் என் தொழிலில் அது ஒரு பாடம்.

நம் சட்டத்தில் இந்தக் கொள்ளியிலிருந்து இறங்க வழி இருக்கிறது. சாட்சி சொல்லத் தேவையான விளக்கம் வேறு, சம்மதம் தரத் தேவையான விளக்கம் வேறு. "அவன் வந்தான், கதவைச் சாத்தினான், இப்படிச் செய்தான், நான் தள்ளினேன்" என்று காட்ட ஒரு பிள்ளைக்கு முடியும். அதே பிள்ளைக்கு அந்தச் செயலின் தன்மையும் பின்விளைவும் விளங்காமல் இருக்கலாம். சித்தம் தெளிவில்லாத நிலையில் பெறப்பட்ட சம்மதம் சம்மதம் ஆகாது என்று 363ஆம் பிரிவும், விளங்காமல் தரும் சம்மதம் சம்மதமே அல்ல என்று 83ஆம் பிரிவும் சொல்கின்றன. உங்கள் தங்கச்சியின் விஷயத்தில் அவள் தள்ளியதாகக் காட்டியிருந்தால் சம்மதம் என்ற கேள்வியே எழாது. 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம், பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு தலித் பெண்ணின் வழக்கில், குரலை வைத்து ஆளை அடையாளம் காட்டியதை ஏற்றுக்கொண்டு, மாற்றுத்திறனாளியின் சாட்சியத்தை அந்த ஒரு காரணத்துக்காகப் பலவீனமானதாக எடுக்கக்கூடாது என்று அழுத்திச் சொல்லியிருக்கிறது. அரச சட்டவாதியின் கையில் இருக்க வேண்டிய தீர்ப்பு அது.

உங்களிடம் நான் கேட்பது: இனிமேல் யார் விசாரித்தாலும், சட்டத்தரணியோ, சமூகசேவை உத்தியோகத்தரோ, வைத்தியரோ, தங்கச்சியைக் குறைத்தும் சொல்லாதீர்கள், கூட்டியும் சொல்லாதீர்கள். அவள் தேத்தண்ணீர் ஊற்றுவாளா, கடைக்குப் போய் மிச்சக் காசு வாங்கி வருவாளா, வேண்டாம் என்பதை எப்படிக் காட்டுவாள், பயந்தால் என்ன செய்வாள். உள்ளதை உள்ளபடி. "ஊமை" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தச் சொல் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று கேட்பவர் மனதில் முன்கூட்டியே எழுதிவிடுகிறது.

அம்மா இல்லாத கேள்விக்கு வருகிறேன். மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்யலாம், குற்றத்தீர்ப்பை வைத்துக்கொண்டு தண்டனையை மாற்றலாம், விடுதலை செய்யலாம், அல்லது மறுவிசாரணைக்கு அனுப்பலாம். கீழே சின்னப் பிழை இருந்தாலே தீர்ப்பு கவிழாது. அந்தப் பிழையால் நீதி தவறியிருக்க வேண்டும், அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரையே அப்படித்தான் சொல்கிறது. எதிரி கூண்டில் நின்று சத்தியம் செய்யாமல் சொன்ன கூற்றை நீதிபதி கவனிக்கவே இல்லை, நிரூபிக்கும் பாரத்தை எதிரி மேல் தள்ளிவிட்டார் என்பது போன்ற பெரிய பிழைகளில்தான் ஆபத்து. மறுவிசாரணை என்று வந்தால் தங்கச்சி மறுபடி வர வேண்டியிருக்கும், அதை மறைக்கமாட்டேன். அப்போதும் அம்மாவின் குரல் போய்விடாது. இறந்துபோன சாட்சி முந்திய வழக்கில் சொன்ன சாட்சியத்தை, அப்போது குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பு இருந்திருந்தால், சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 33ஆம் பிரிவின் கீழ் எடுக்கலாம். அம்மா தன் கண்ணால் கண்டதாகச் சொன்னது, அன்று பிள்ளை எந்தக் கோலத்தில் இருந்தாள் என்பது, எல்லாம் அதில் அடங்கும். தங்கச்சியின் கையை விளக்க மட்டும் புதிய ஆள் வேண்டும்.

அதற்கு இப்போதே தயாராகலாம். ஒரு சீஆர் கொப்பி வாங்கி, அவளுடைய சைகைகளைத் திகதி போட்டு எழுதுங்கள்: சாப்பாடு, மழை, அக்கா, பக்கத்து வீட்டுப் பாட்டி. குடும்பத்துக்கு வெளியே, அவளோடு பழகிய இருவரையாவது கண்டுபிடியுங்கள். காது கேளாதோருக்குக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அவளைச் சில தடவை சந்தித்தால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும் செய்யக்கூடாது. அந்த நாளைப் பற்றி அவளிடம் கேட்டுக் கேட்டுப் பழக்கக்கூடாது. அது அவளுக்கும் வதை, "சொல்லிக் கொடுத்த சாட்சி" என்று எதிரித்தரப்புக்கும் நல்ல விருந்து. மறுபடி சாட்சியம் வந்தால், எதிரியின் முகத்துக்கு முன்னால் நிற்காமல் வேறு இடத்திலிருந்து காணொளி இணைப்பில் சாட்சி சொல்லக் கேட்கலாம். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் சைகையில் விரலின் அசைவும் முக்கியம். கமரா முகத்தை மட்டும் காட்டினால் பாதிப் பேச்சு போய்விடும், இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

இனி அந்த ஐந்து லட்சம். பாலியல் வல்லுறவு சமாதானமாகத் தீர்க்கும் குற்றமல்ல. நீங்கள் கையொப்பம் வைத்தாலும் குற்றத்தீர்ப்பு அசையாது. பின்னே எதற்குக் கேட்கிறார்கள் என்றால், தண்டனைக்காக. மேல் நீதிமன்றம் ஒன்று விளக்கம் கேட்டு அனுப்பிய 2008ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க வினாவில் உயர் நீதிமன்றம், 364ஆம் பிரிவின் குறைந்தபட்சத் தண்டனை நீதிபதியின் கையைக் கட்டாது என்று தீர்மானித்தது. அது 16 வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளையின் வழக்கு, வேறு உட்பிரிவு. ஆனாலும் அன்றிலிருந்து தண்டனையைக் குறைக்கச் சொல்லும் வாதம் எல்லாவற்றிலும் அதைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. அந்த இடத்தில் "பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கே மனவருத்தம் இல்லை" என்ற காகிதம் அவர்களுக்குத் தங்கம். தண்டனையைத் தொட்டு முறையிடுபவருக்கு ஒரு ஆபத்தும் உண்டு, மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையைக் கூட்டவும் அதிகாரம் உள்ளது. அதை அவனுடைய ஆட்களுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

அது உங்கள் கையொப்பமும் அல்ல. மனவருத்தம் இருக்கிறதா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியவள் தங்கச்சி. நீதிமன்றம் விதித்த நட்டஈடு இந்தப் பணத்திலிருந்து வேறு, அதை அவர்கள் பேரம் பேச முடியாது. சாட்சியையோ பாதிக்கப்பட்டவரையோ மிரட்டுவதும், சாட்சி சொன்னதற்காகப் பழிவாங்குவதும் மேலே சொன்ன 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிக் குற்றம். தோட்டத்தில் மரியாதையான ஒருவர் வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்து மெதுவாகப் பேசுவதால் அது மிரட்டல் இல்லை என்று ஆகாது. தங்கச்சி இப்போது யாரோடு இருக்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த லயத்தில், அதே ஆட்களின் நடுவில் என்றால், பாதுகாப்பு கேட்டு அதே சட்டத்தின் கீழ் உள்ள தேசிய அதிகார சபைக்கும், பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவுக்கும் இந்த வாரமே எழுதுங்கள். அவசரத்துக்குப் பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938 இருக்கிறது.

பணமில்லாமல் சட்டத்தரணிக்கு எங்கே போவது என்று யோசிப்பீர்கள். சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு நுவரெலியா, கண்டி, பதுளை போன்ற ஊர்களில் அலுவலகம் உண்டு, தலைமையகம் புதுக்கடையிலேயே இருக்கிறது. நீங்கள் கொழும்பில் இருப்பதால் ஒரு அரை நாள் லீவில் முடிகிற காரியம். உங்களுக்காக வாதாடுவது அரச சட்டவாதிதான், ஆனாலும் பாதிக்கப்பட்டவரின் நலனைப் பார்க்க ஒரு சட்டத்தரணி நிற்பது நல்லது. மேல் நீதிமன்றப் பதிவகத்தில் மேன்முறையீட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் அன்றாடப் பட்டியல் வரும், அந்த இலக்கம் இருந்தால் வழக்குத் தவணை நாளை நீங்களே பார்க்கலாம். பிறகு சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு ஒரு கடிதம்: வழக்கு இலக்கம், அம்மா இறந்த விபரம், மரணச் சான்றிதழின் பிரதி, தங்கச்சியின் சைகை விளங்கும் ஆட்களின் பெயர்கள், உங்கள் தொலைபேசி இலக்கம். தமிழிலேயே எழுதுங்கள். தமிழ் அரச கரும மொழி, பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தாலும் கதை முடிவதில்லை, ஆறு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் விசேட அனுமதி கேட்கலாம். அதைச் சட்டமா அதிபர் செய்ய வேண்டும், அதனால் நாட்களை நீங்களும் எண்ணிக்கொண்டு இருங்கள்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒன்று கேட்டிருந்தீர்கள், தங்கச்சிக்கு இதைச் சொல்லலாமா என்று. சொல்லுங்கள். அவளுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் ஆட்கள் வந்து குசுகுசுப்பதை அவள் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள், காது கேட்காதவளுக்கு அது இன்னும் பயம். அவன் உள்ளேதான் இருக்கிறான் என்பதை எந்தச் சைகையில் சொல்வது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

அவர்கள் கொண்டுவந்த கடிதம் இன்னும் வீட்டில் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, யார் கொண்டுவந்தது, எந்த நாள், எத்தனை மணி, யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒரு துண்டில் எழுதி அதோடு வையுங்கள். சட்ட உதவி அலுவலகத்துக்குப் போகும்போது வழக்கேட்டுப் பிரதியோடு அதையும் எடுத்துப் போங்கள்.